கணினியின் வேகமும் வெப்பமும்



பத்துப் பேரைத் தாங்கத்தக்க வள்ளத்திலே பன்னிருவர் ஏறிக் கரைசேர்ந்து விட்டால், வள்ளகாரர் கணக்குத் தெரியாதவர் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அவர் இரு பேருக்கு இடம்விட்டுச் சொன்னது காற்றும் அலையும் எழும் நாளை எண்ணியே என்பது அப்போது நினைவில் வருவதில்லை. மேசைக் கணினி விடயத்திலும் இத்தகைய வழக்கம் ஒன்று உண்டு. கணினியிலே கணக்கிடும் உறுப்பை நம் பாடநூல்கள் முறைவழியாக்கி என்று வழங்குகின்றன. கடையிலே புரொசெசர் என்று கேட்டாற்றான் கிடைக்கும். ஆதலின் நானும் அவ்வாறே கூறுகின்றேன். அதனைச் செய்தவர் குறித்த வேகத்துக்கு மேலாக ஓடச் செய்தலே ஓவர்க்ளொக்கிங் எனப்படுவது.

2022ஆம் ஆண்டிலே ரூபாயின் மதிப்பு வீழ்ந்த பின்னர், புதுக் கணினி வாங்குதல் பல பாடசாலைகளுக்கு எட்டாக் கனியாயிற்று. "உள்ள கணினியையே விரைவாக்க இயலாதா, சேர்?" என்று இளம் ஆசிரியர்கள் என்னை வினவுவதுண்டு. வினா நியாயமானதே. விடை சற்று நீண்டது.

புரொசெசரின் உள்ளே எண்ணற்ற நுண்ணிய மின்சாவிகள் ஒரு தாளத்துக்கு இயங்குகின்றன. தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி வேலை நிறைவெய்த வேண்டும். வீட்டுக் கூரைக்கு ஓடு போடும்போது, ஆட்கள் கீழிருந்து மேல்வரை வரிசையாக நின்று ஓடுகளைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் குரல் கொடுக்க, அதற்கேற்ப மற்றையோர் தம் கையிலுள்ள ஓட்டை அடுத்தவரிடம் நீட்டுவர். குரல் சற்று விரைந்தால் வேலையும் விரையும். மிக விரைந்தாலோ, அடுத்தவர் கை வந்து சேருமுன்பே ஓடு நீட்டப்பட்டு நிலத்தில் விழும். புரொசெசரிலும் ஒரு சாவியிலிருந்து மற்றொன்றுக்கு மின்குறி சென்று நிலைகொள்ளுமுன் அடுத்த அடி விழுமாயின், ஒன்று இருக்கவேண்டிய இடத்திற் பூச்சியம் பதிவாகும். ஓடு விழுந்தால் ஓசையாவது கேட்கும். இங்கே ஓசையும் இல்லை.

அங்ஙனமாயின் மேலதிக வேகம் எங்கிருந்து வருகின்றது? ஒரே அச்சில் வார்த்த புரொசெசர்களும் தம்முள் ஒத்தனவல்ல. செய்தவர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கின்றனர். வெப்பம் மிகுந்த அறையிலும், பல்லாண்டு உழைத்த பின்னும் பிழையின்றி ஓடும் என்று உறுதி கூறத்தக்க வேகத்தையே குறிக்கின்றனர். மலிவுப் பொருளுக்குத் தேவை மிகுமிடத்து, உயர்தரமானதையும் தாழ்ந்த தரத்தின் பெயரால் விற்பதுண்டு. ஆகவே குறித்த அளவுக்கும் உண்மை வல்லமைக்கும் இடையில் ஓர் இடைவெளி எஞ்சுகின்றது.

இவ்விடைவெளியை உலகறியச் செய்தது, இன்டெல் நிறுவனத்தார் 1998ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் வெளியிட்ட செலரோன் 300ஏ என்னும் புரொசெசர். புரொசெசரின் வேகம் இரு எண்களின் பெருக்கம்: மதர்போட் தரும் அடித்தாளம் ஒன்று, புரொசெசருக்குள்ளே அமைந்த பெருக்கி மற்றொன்று. செலரோனுக்கு அடித்தாளம் 66 மெகாஹேட்ஸ், பெருக்கி நாலரை, ஆக 300 மெகாஹேட்ஸ். பெருக்கியை எவரும் மாற்றாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் அடித்தாளம் மதர்போட்டின் வசம் இருந்தது. அதனை 100 ஆக்கியதும் செலரோன் 450 மெகாஹேட்ஸ் வேகத்தில் ஓடிற்று. அதுவும் ஒன்றிரண்டு அன்று, மிகப் பல அவ்வாறு ஓடின. சில மதர்போட்டுகளில் இம்மாற்றத்துக்கு வழி இல்லாதபோது, புரொசெசர் அட்டையின் பி21 என்னும் தொடுமுனையை ஒட்டுநாடாத் துண்டினால் மூடி, 100ஐத் தெரிவுசெய்யுமாறு மதர்போட்டை ஏமாற்றினர். செலரோனின் விலை 149 டொலர். அதே வேகமுடைய பென்ரியம் 2 புரொசெசருக்கு 669 டொலர். இந்த வேறுபாட்டைக் கண்ட மாணவரும் தொழில்நுட்பப் பித்தரும் வாளாவிருப்பரோ?

செலரோனின் கதையை மாத்திரம் கேட்டவர், தாளத்தைக் கூட்டினால் அனைத்தும் முடிந்தது என்று எண்ணக்கூடும். பெரும்பாலும் தாளத்தைக் கூட்டும்போது மின்னழுத்தத்தையும் கூட்ட நேர்கின்றது. அழுத்தம் கூடினாற் சாவிகள் விரைந்து திறந்து மூடும். இங்கேதான் செலவு. புரொசெசர் உண்ணும் மின்வலு, தாளத்தின் வேகத்துக்கு நேர்விகிதமாகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் வளர்வது. வேகத்தை நூற்றுக்கு 20 வீதமும் அழுத்தத்தை 10 வீதமும் கூட்டினோமென்க. 1.2ஐ 1.1ஆல் இருமுறை பெருக்கினால் 1.45 வரும். எனவே, 100 வாற் உண்ட புரொசெசர் இப்போது 145 வாற் உண்ணும். வேகத்தில் ஐந்திலொன்று பெற்றோம். வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி கூட்டினோம். வெப்பம் ஏறினால் மின்குறிகள் மேலும் தாமதிக்கும், மின்கசிவும் மிகும். அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து புரொசெசரின் ஆயுளையும் குறைக்கும்.

இவ்வெப்பத்தை அகற்றுவதற்கே புரொசெசரின் மேல் உலோகச் செதில்கள் நிறைந்த தகடும், அதன்மேல் விசிறியும் பொருத்துகின்றனர். புரொசெசருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய குழிகளிற் காற்று தங்காதபடி வெப்பப் பசை பூசுவர். பாணுக்கு வெண்ணெய் பூசுவது போல் அதனை அப்புதல் ஆகாது. மெல்லிய படலமே வேண்டுவது. நீரைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் கருவிகளும் உள. ஆயினும் விசிறியாயினும் நீராயினும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே புரொசெசரைக் கொண்டுசெல்ல அவற்றால் இயலாது. வாற் ஒன்றுக்கு 0.4 பாகை ஏறவிடும் ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். 145 வாற்றுக்கு அது அறையின் நிலைக்கு மேல் 58 பாகை. குளிர்நாட்டிலே 20 பாகை அறையில் இருப்பவனுக்கு 78. நம்முடைய 32 பாகை அறையில் 90. பல புரொசெசர்கள் 100 பாகையை அண்மியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆகவே மேனாட்டான் ஒருவன் தன் கணினியிற் கண்ட எண்களை நாம் அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது.

வெப்பம் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். எனக்கு அதனினும் கவலை தருவது பிழையான கணக்கு. வெப்பமானி ஏறுவதைக் கண்ணாற் காணலாம். கணினி ஒரு கூட்டலைத் தவறவிட்டதை யார் காண்பார்? மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் நிரலாளர் றேமண்ட் சென் 2005ஆம் ஆண்டில் எழுதிய ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. பயனாளர் கணினிகள் முடங்கியபோது வந்த அறிக்கைகளை ஆராய்ந்தபொழுது, ஓரிடத்தைப் பூச்சியமாக்கு என்னும் மிக எளிய கட்டளையிலேயே சில முடங்கியிருந்தன. அக்கட்டளை தவறுவதற்கு வழியே இல்லை. உரியவர்களை வினவியதில், பல கணினிகள் ஓவர்க்ளொக் செய்யப்பட்டவை என்று தெரியவந்தது. சிலர் அதனை அறியாமலே கடையில் வாங்கியிருந்தனர். 2011இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர் மூவர் ஏறத்தாழப் பத்து இலட்சம் கணினிகளின் பதிவுகளை ஆராய்ந்து, ஓவர்க்ளொக் செய்யப்பட்டவை மற்றையவற்றிலும் மிகுதியாக முடங்குகின்றன என்று காட்டினர்.

ஆகவே வேகத்தைக் கூட்டியவன் சோதனைக்குத் துணிய வேண்டும். இதற்குப் பெரிதும் பயன்படுவது பிரைம்95 என்னும் நிரல். யோர்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய, மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் முயற்சிக்காக எழுதப்பட்டது அது. விடை முன்னரே தெரிந்த கடுங்கணக்குகளைப் புரொசெசருக்குக் கொடுத்து, வரும் விடையை அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு கணக்குப் பிழைத்தாலும் நிறுத்திவிடும். விடைத்தாளைக் கையில் வைத்திருக்கும் பரீட்சகரிடம் தப்புவது எளிதன்று.

முறை இதுதான். பயோஸ் பக்கத்திலே பெருக்கியை ஒவ்வொரு படியாகக் கூட்டுக. ஒவ்வொரு படிக்கும் பிரைம்95ஐச் சில நிமிடம் ஓட்டி வெப்பநிலையைப் பார்க்க. பிழை தோன்றினால் அழுத்தத்தைச் சிறிதளவே கூட்டுக, அல்லது ஒரு படி இறங்குக. நான் இறங்குவதையே விரும்புவேன். முடிவாக நிறுத்திய வேகத்தில் பல மணிநேரம் ஓடவிடுக. அதனையும் நண்பகலிற் செய்க. இரவு பத்து மணிக்குத் தேறிய கணினி சித்திரை மாத நடுப்பகலில் தவறக்கூடும். தேறிய பின்னும், மாணவர் புள்ளிகளும் சம்பளக் கணக்கும் இருக்கும் கணினியில் இதனைச் செய்தல் கூடாது என்பதே என் துணிபு. விளையாட்டுக்கும் பழகுவதற்கும் உரிய கணினி வேறு.

இனி, இளம் ஆசிரியர்களின் வினாவுக்கு வருவோம். பாடசாலைகளில் உள்ள அலுவலகக் கணினிகளிற் பெரும்பாலானவை பெருக்கி பூட்டப்பட்டவை. இன்டெல் புரொசெசராயின் பெயரின் ஈற்றில் கே என்னும் எழுத்து உளதா என்று பாருங்கள். இல்லையெனின் முயற்சி பெரும்பாலும் வீண். இக்காலப் புரொசெசர்களோ, வெப்பநிலை இடங்கொடுக்கும்போது தாமாகவே குறித்த எல்லைவரை விரைகின்றன. அவ்வாறு விரையவிடாது தடுப்பது பல இடங்களிலே தூசியே. மின்னிணைப்பைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, விசிறியிலும் செதில்களிலும் அடைந்த தூசியைத் தூரிகையால் அகற்றுங்கள். விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ந்து வெடித்த பழைய பசையைத் துடைத்துப் புதிது பூசுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டிவைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இவற்றுக்கு முன்னும் பின்னும் வெப்பநிலையைக் குறித்துவைத்து ஒப்பிடுங்கள். வெப்பத்துக்கு அஞ்சி வேகத்தைக் குறைத்திருந்த கணினி, இழந்த வேகத்தை ஒரு சதமும் அழுத்தம் கூட்டாமலே திரும்பப் பெறும். அதன் பின்னும் தாமதமாயின், குற்றம் புரொசெசரில் அன்று. சுழலும் பழைய வன்தட்டிலேயே இருக்கலாம். அதனை நீக்கி, சுழலாத எஸ்எஸ்டி ஒன்றை இட்டுப் பாருங்கள்.