முஸாஃபிருக்கு இடம், அண்டை வீட்டாருக்கு ஹக்

(சென்னை இராயப்பேட்டையில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாள் வாடகை வீடுகளைப் பற்றிப் பேசப் போகிறேன். 'இதெல்லாம் மேடையில் பேசும் விஷயமா?' என்று சிலர் நினைக்கலாம். பேசித்தான் ஆக வேண்டும். ஏனெனில் இந்த ஊரில் வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர்களிலும் நாம் இருக்கிறோம். மாத வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைபவர்களிலும் நாம் இருக்கிறோம்.

பெசன்ட் நகர் கடற்கரையைப் பார்க்க வருகிறவர்கள், தி.நகரில் கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள், மார்கழிக் கச்சேரிக்காக மயிலாப்பூருக்கு வருகிறவர்கள், எல்லோருக்கும் தங்க இடம் வேண்டும். எல்லோரையும்விடத் தேவை அதிகமுள்ளவர்கள் நோயாளிகள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் கிரீம்ஸ் சாலை மருத்துவமனைகளுக்கும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள். வாரக்கணக்கில் தங்க வேண்டியவர்களுக்கு லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாது. நோயாளிக்குக் கஞ்சி வைக்க ஓர் அடுப்பாவது வேண்டும். ஆகவே வீடுகளை நாள் வாடகைக்கு விடும் தொழில் வளர்ந்தது. 2008-இல் அமெரிக்காவில் ஏர்பிஎன்பி தொடங்கிய பிறகு அது கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது.

இது தவறான தொழிலா? இல்லை. முஸாஃபிருக்கு இடம் கொடுப்பது நம் முன்னோர் சிறப்பாகச் செய்த பணி. சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சித்தீக் சராய் அதற்குச் சாட்சி. ஆனால் அது சராய் என்று ஊருக்கே தெரியும். அடுக்குமாடியில் ஒரு வீட்டைச் சத்தமில்லாமல் சராயாக மாற்றுவது வேறு.

ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு சகோதரர் இரண்டாவது மாடி வீட்டை நோயாளிகளுக்கு விட்டு வந்தார். நல்ல எண்ணம்தான். ஒரு நாள் பஞ்சாயத்துக்கு என்னை அழைத்தார்கள். மேல் வீட்டு அம்மா சொன்னார்: "ஹஜ்ரத், தினம் ஒரு புது முகம். மாடிப்படியில எதிரே வர்றது யாருன்னே தெரியல. தொட்டித் தண்ணி மத்தியானத்துக்குள்ள தீர்ந்துடுது." சகோதரரிடம், "போன வாரம் தங்கியவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எழுதியும் வைக்கவில்லை! அந்த அம்மா கேட்டதில் என்ன தவறு? அண்டை வீட்டாரின் ஹக்கை விழுங்கிவிட்டு முஸாஃபிருக்கு உபகாரம் செய்வதில் என்ன பெருமை?

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். நமக்குத் தெரிந்த ஒரு வாலிபர், புதிதாகத் திருமணமானவர், அடையாறு பக்கம் வீடு தேடினார். பெயரைச் சொல்லும்வரை வீடு இருந்தது. சொன்னதும், "இப்பத்தான் முடிஞ்சுது தம்பி" என்றார்கள். மறு வாரமும் 'வீடு வாடகைக்கு' அட்டை அங்கேயே தொங்கியது. எந்தச் சட்டம் அவரைத் தடுத்தது? எந்தச் சட்டமும் இல்லை. எழுதப்படாத விதி!

சகோதரர்களே, இதுதான் நான் சொல்ல வந்த செய்தி. எழுதப்படாத விதி வலுத்தவனின் கையில் உள்ள கம்பு. எழுதப்பட்ட விதி எளியவனுக்குக் கேடயம். கணக்கில்லாமல் நடக்கும் நாள் வாடகை வீடு ஒன்றில் ஏதாவது அசம்பாவிதம் நடந்தால், வீட்டுக்காரர் மட்டும் பதில் சொல்வதில்லை. அந்தத் தெருவில் வீடு தேடும் நம் பிள்ளைகள் அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே 'கட்டுப்பாடு' என்றதும் நாம் பதறக் கூடாது. நாமே முன்வந்து கேட்க வேண்டும்.

பிற இடங்களில் என்ன செய்கிறார்கள்? கோவாவில் 1982-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டம் இருக்கிறது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வீடு விடுபவர் மாநகரில் பதிவு செய்ய வேண்டும். தாமும் அங்கேயே இருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. ஸ்பெயினின் கடற்கரை நகரமான பார்சிலோனா, 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028-க்குப் பின் நீட்டிக்கப் போவதில்லை என்று 2024-இல் அறிவித்தது. காரணம்? பயணிக்கு வீடு இருக்கிறது, ஊர்க்காரனுக்கு இல்லை! இந்த நியாயம் நமக்கும் பொருந்தும். நாள் வாடகைக்குப் போகும் ஒவ்வொரு வீடும் மாத வாடகைக்காரருக்குக் குறையும் ஒரு வீடு.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டத்தில் 1 முதல் 6 அறைகள் வரை, அதிகபட்சம் 12 படுக்கைகள்; உரிமையாளர் குடும்பம் அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஹோட்டலானாலும் வீடானாலும் அதுவே சட்டம். வங்கதேச நோயாளிக்கு இடம் கொடுப்பவர் இதை மறந்தால் துன்பம் அவருக்கு மட்டுமல்ல, அந்த நோயாளிக்கும்தான்.

மாநகராட்சியிடமும் சுற்றுலாத் துறையிடமும் நாம் கேட்க வேண்டியவை இவை: ஒரே இடத்தில் எளிய பதிவு, வாசலில் பதிவு எண், நோயாளிகளுக்கு இடம் தருவோருக்குக் குறைந்த கட்டணம், ஒரு கட்டடம் முழுவதும் நாள் வாடகைக்குப் போகாதபடி வரம்பு, மதத்தையோ சாதியையோ காரணம் காட்டி யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்ற நிபந்தனை.

அதற்கு முன், நாம் இன்றே செய்ய வேண்டியவை: வருகைப் பதிவேடு வையுங்கள். அடையாள அட்டை நகல் வாங்குங்கள். குடியிருப்போர் சங்கத்தில் சொல்லி அனுமதி பெறுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணை அண்டை வீட்டாரிடம் கொடுங்கள். தண்ணீர்ச் செலவில் கூடுதல் பங்கு தாருங்கள். சொத்து வரியும் மின் இணைப்பும் எந்த வகையில் வரும் என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பது நீங்கள் அறிந்ததே. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கக் கற்றுக்கொண்ட சமுதாயம், வீட்டுக்கு வந்தவர் பெயரை எழுதத் தயங்கலாமா?

அந்த ஆயிரம் விளக்குச் சகோதரர் இப்போது பதிவேடு வைத்திருக்கிறார். மேல் வீட்டு அம்மாவே சில நாள் சாவியை வாங்கி வைத்துக்கொள்கிறார். நம்பிக்கை அப்படித்தான் வரும்.