ரணகள்ளியும் நம் வீட்டுப் பசுவும்



விதை வேண்டா, கிளையும் வேண்டா. ஓர் இலையைக் கொண்டே வளர்க்கக்கூடிய செடி ரணகள்ளி. மலாய் அன்பர்கள் இதனைச் செடிங்கின் என்பர். மடகாஸ்கர் தீவிலிருந்து பரவிய இச்செடி, நம் வீட்டு முற்றங்களிலும் செழித்து வளர்கின்றது.

முதிர்ந்த இலை ஒன்றைப் பறித்து, ஓரிரு நாள் நிழலில் வைப்போம். பின்னர், பூச்சட்டியில் மணல் கலந்த மண்ணை நிரப்பி, அதன்மீது இலையைப் படுக்கவைப்போம். மண் காயும்போது மட்டும் நீர் தெளித்தால் போதும். சில வாரங்களில் இலையின் ஓரங்களில் வேரும் குருத்துமாகச் சிறு கன்றுகள் தோன்றும். அவை விரல் நீளம் வளர்ந்ததும் பிரித்து நடலாம். நீர் மிகுந்தால் வேர் அழுகும். சட்டியின் அடித்தட்டில் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும்.

ஆயினும், எளிதில் முளைக்கும் அக்குணத்திலேயே ஆபத்தும் உண்டு. நாம் கிள்ளி எறியும் இலை, பசுவும் ஆடும் மேயும் வேலியோரத்திலும் வேர்விடும். இச்செடியில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ளது. பூவில் அது மிகுதி. ஆஸ்திரேலியாவில் இவ்வினச் செடிகளைத் தின்ற மாடுகள் மடிந்துள்ளன. பால் மாட்டை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு அது எத்துணைப் பெரிய இழப்பு!

ஆகவே, ரணகள்ளியைப் பூச்சட்டியில் மட்டும் வளர்ப்போம். கழித்த இலையையும் பூவையும் பையில் கட்டிக் குப்பையில் சேர்ப்போம். மாடு தின்றுவிட்டதாக ஐயம் எழுந்தால், கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழைப்போம்.

முற்றத்தில் செடியும் செழிக்கட்டும். தொழுவத்தில் பசுவும் நலமுடன் வாழட்டும்.