பிரயாணிகள் கண்ட இந்தியாவும் ஐரோப்பாவும்

(அயோத்தியாப்பட்டணத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்த விஷயத்தை இந்த ஊரில் பேசுவது மிகவும் பொருத்தமென்றே நினைக்கிறோம். ஏனெனில், அயோத்தியாப்பட்டணம் என்ற பெயரே ஒரு பிரயாணியால் வந்ததாகத்தான் இங்குள்ள கோதண்டராமர் கோவிலின் தலக்கதை சொல்லுகிறது. இலங்கையிலிருந்து அயோத்திக்குத் திரும்பிய ராமன் வழியில் இங்கே தங்கினான், இங்கேயே பட்டாபிஷேகக் கோலத்தைக் காட்டினான் என்பது கதை. ஆனால் அந்தப் பிரயாணி இந்த ஊரைப்பற்றி என்ன நினைத்தான், இங்கிருந்த உழவன் என்ன தின்றான், யார் யாருக்கு எந்தக் கிணற்றில் தண்ணீர் கிடைத்தது என்பதைப்பற்றி ஒரு பேச்சும் இல்லை. தெய்வப் பிரயாணிகளிடம் உள்ள குறை இது. ஆதலால் நாம் மனிதப் பிரயாணிகளோடு நிறுத்திக் கொள்ளுவோம்.

நம் தேசத்தைப் பார்த்துவிட்டு எழுதிவைத்த அந்நியர் பலர். அவர்கள் சொல்லியதை எல்லாம் வேதவாக்காகக் கொள்ளுகிற வழக்கம் நமக்கு உண்டு. புகழ்ந்திருந்தால் மேடையில் எடுத்துச் சொல்லிப் பூரிக்கிறோம். இகழ்ந்திருந்தால் "மிலேச்சனுக்கு நம் பெருமை என்ன தெரியும்?" என்கிறோம். இரண்டும் தப்பு. பிரயாணி என்பவன் ஒரு சாட்சி. சாட்சியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நீ எங்கே நின்று பார்த்தாய்?" என்பதுதான்.

சுமார் 2300 வருஷங்களுக்கு முன் மெகஸ்தனிஸ் என்ற கிரேக்கர் பாடலிபுத்திரத்தில் சந்திரகுப்தன் சபைக்குத் தூதராக வந்தார். இந்தியாவில் அடிமைகளே இல்லை, எல்லோரும் சுதந்திர மனிதர்கள் என்று அவர் எழுதியதாகப் பின்வந்த கிரேக்க ஆசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். அதே மனிதர்தான் இங்குள்ள ஜனங்கள் ஏழு பிரிவாக இருக்கிறார்கள், ஒரு பிரிவான் வேறு பிரிவில் பெண் கட்டக்கூடாது, வேறு தொழில் செய்யக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார். தான் பிறந்த தொழிலை விட்டு வெளியே வரமுடியாதவன் எப்படிச் சுதந்திர மனிதனாவான் என்று அவருக்குத் தோன்றவில்லை. ராஜாவின் விருந்தாளிக்கு அது எப்படித் தோன்றும்?

அவருக்கு 700 வருஷங்களுக்குப் பிறகு சீன தேசத்திலிருந்து பாஹியான் என்ற பௌத்த பிக்ஷு வந்தார். தூதராக அல்ல, கால்நடையாக வந்தவர். அவர் என்ன கண்டார்? சண்டாளர் என்பவர்கள் ஊருக்கு வெளியே தனியே வசிக்கிறார்கள் என்றும், ஊருக்குள்ளோ சந்தைக்குள்ளோ நுழையும்போது ஒரு கட்டையைத் தட்டி ஓசை செய்துகொண்டு வரவேண்டும், அந்த ஓசை கேட்டு மற்றவர்கள் ஒதுங்கிக் கொள்ளுவார்கள் என்றும் எழுதினார். அந்தக் காலத்தைத்தான் நமது பள்ளிப் புத்தகங்கள் "குப்தர்களின் பொற்காலம்" என்று சொல்லுகின்றன. யாருக்குப் பொன் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் வாத்தியார் என்ன பதில் சொல்லுவார்?

நிற்க, நமக்குக் கிட்டத்திலேயே ஒருவர் வந்தார். துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பயந்து 1792-ல் இங்கே வந்து, 31 வருஷகாலம் தென்னாட்டில் இருந்தார். நம்மைப்போல் உடுத்து, நம் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, நம் பாஷைகளைப் பேசினார். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப்பற்றி அவர் பெயரில் உள்ள கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலை கொடுத்து வாங்கி, 1816-ல் இங்கிலீஷில் அச்சிட்டார்கள். அதில் கணிசமான பகுதி அவருக்கு முன்பிருந்த கேர்து என்ற வேறொரு பாதிரியார் எழுதி வைத்தது என்று 1980-களில் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அது எப்படியோ போகட்டும். நமக்கு வேண்டியது வேறு. பார்ப்பன ஆசாரங்களின் உள்ளும் புறமும் அறிந்து கேலியும் செய்த அந்த மனிதர், ஜாதிப் பிரிவைப்பற்றிச் சொன்ன அபிப்பிராயம் என்ன தெரியுமா? இந்துக்களின் சட்டமுறைகளில் அதுதான் தலைசிறந்த வேலை, அது இல்லாவிட்டால் இந்த ஜனங்கள் காட்டுமிராண்டிகளாய்ப் போயிருப்பார்கள் என்பதுதான்! தம் தேசத்தில் பிரபுக்களின் தலை விழுந்ததைக் கேட்டு ஓடிவந்தவருக்கு, மேலே இருப்பவன் எப்போதும் மேலேயே இருக்கும் ஏற்பாடு பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

இதுவரையில் வந்தவர்களின் சங்கதி. இனி இங்கிருந்து போனவர்களைப் பார்ப்போம். வெகுகாலம் வரையில் நம்மவர்கள் போகவே இல்லை. கடலைத் தாண்டினால் ஜாதி கெட்டுவிடும் என்று சாஸ்திரம் எழுதி வைத்தார்கள். 1888-ல் காந்தியார் படிக்கச் சீமைக்குப் புறப்பட்டபோது பம்பாயில் அவருடைய ஜாதியார் கூடி அவரை ஜாதிப்பிரஷ்டம் செய்தார்கள். ஏன் இந்தப் பயம்? கப்பல் ஏறினவன் திரும்பிவந்து, "அங்கே எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், யார் தலையிலும் இடி விழவில்லை" என்று சொல்லிவிடுவானே என்ற பயம்தான். சாஸ்திரத்துக்குச் சமுத்திரத்தின்மேல் ஒரு விரோதமுமில்லை.

பெரியார் ஈ.வெ.ரா. 1931 டிசம்பரில், தோழர் எஸ். ராமநாதனுடனும் ஈரோடு ராமுவுடனும் சென்னையில் கப்பலேறினார். எகிப்து, கிரீஸ், துருக்கி, ருஷியா, ஜெர்மனி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின் முதலிய தேசங்களைப் பார்த்துவிட்டு, இலங்கை வழியாக 1932 நவம்பரில் திரும்பினார். அவர் போனது மாளிகைகளையும் மியூசியங்களையும் பார்த்து வியக்க மட்டும் அல்ல. தொழிற்சாலை, பள்ளிக்கூடம், தொழிலாளர் சங்கம் ஆகியவைகளைத் தேடிப் போனார். இங்கிலாந்தில் யார்க்ஷயரிலுள்ள மெக்ஸ்பரோவில் 1932 ஜூனில் நடந்த பெரிய தொழிலாளர் கூட்டத்தில், அங்குள்ள தொழிற்கட்சித் தலைவர்களை வைத்துக்கொண்டே, இந்தியச் சுரங்கத் தொழிலாளியின் கூலி எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு, உங்கள் கட்சி எங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டார். விருந்துக்குப் போன இடத்தில் வீட்டுக்காரனின் கணக்கைக் கேட்ட பிரயாணி இவர் ஒருவர்தான் போலும்!

திரும்பியதும் முதலில் அவர் செய்தது என்ன? ஸ்ரீமான், திருவாளர், மகா-௱-௱-ஸ்ரீ என்ற பட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு எல்லோரையும் "தோழர்" என்று அழையுங்கள் என்று "குடிஅர"சில் வேண்டிக்கொண்டார். மற்றவர்கள் சீமையிலிருந்து கடிகாரமும் துப்பாக்கியும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு வார்த்தையைக் கொண்டுவந்தார். அதே டிசம்பரில் ஈரோட்டில் கூடிப் புதிய வேலைத்திட்டம் போட்டார்கள்.

ஆனால் மெகஸ்தனிஸைக் கேட்ட கேள்வியை நம்மவரிடமும் கேட்காவிட்டால் நாம் பகுத்தறிவுக்காரர்களாக மாட்டோம். 1932-ல் சுமார் மூன்று மாதம் ருஷியாவில் இருந்தவருக்குக் காட்டப்பட்டது தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும். அந்த வருஷத்திலும் அடுத்த வருஷத்திலும் உக்ரேனில் லட்சக்கணக்கான குடியானவர்கள் தானியத்தைப் பறிகொடுத்துப் பட்டினியால் மாண்டார்கள். அது விருந்தாளிகளுக்குக் காட்டப்படவில்லை. இன்று நமக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தால் நமக்கும் புராணிகனுக்கும் என்ன வித்தியாசம்?

சரி, ஐரோப்பா ஏன் அப்படி இருக்கிறது, நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? குளிர் தேசம், வெள்ளைத் தோல், மாமிச உணவு என்று பலர் பலவிதமாகக் காரணம் சொல்லுகிறார்கள். எல்லாம் சோம்பேறிப் பேச்சு. 1600-ல் ரோமாபுரியில் புரூனோவை உயிரோடு கொளுத்தியது அதே ஐரோப்பாதான். 1858-ல் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் பார்லிமெண்டு ஜன்னல்களுக்கு மருந்தில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டது லண்டன்தான். அந்த நாற்றத்துக்குப் பிறகுதான் பாசல்கெட் என்ற இஞ்சினீயர் ஊர் முழுதும் பூமிக்கடியில் சாக்கடை கட்டினார். கங்கையைப்போல் தேம்ஸும் புனிதமானது, அதில் எது கலந்தாலும் அசுத்தமில்லை என்று சொல்ல அங்கே ஆளில்லாமல் போனது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

ஜாதி? அதற்கு ஒப்பானதும் அங்கே இருந்தது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பிரனீஸ் மலைப்பக்கத்தில் காகோ என்று ஒரு ஜனம். ஊருக்கு வெளியே குடியிருப்பு. மாதா கோவிலில் அவர்களுக்குத் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி. தச்சு வேலையைத் தவிர மற்றத் தொழில்கள் பெரும்பாலும் அவர்களுக்குக் கூடாது. தோலிலும் பாஷையிலும் மதத்திலும் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏன் தீண்டத்தகாதவர் என்று கேட்டால் ஒருவருக்கும் காரணம் தெரியாது. நம் ஊர்க் கதை மாதிரியே இல்லையா? பிரெஞ்சுப் புரட்சியோடு சட்டம் அந்த வித்தியாசத்தைத் துடைத்தது. பிறகு மெல்ல மெல்ல ஜனங்களும் மறந்தார்கள். இன்று சில பழைய கோவில்களில் அந்தச் சின்ன வாசல் மட்டும் இருக்கிறது. அதில் நுழையக் கட்டாயப்படுத்தப்பட்ட ஜாதி இல்லை. நம் நாட்டில் 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்லிற்று. ஆனால் ஜாதி என்ற வார்த்தையை விட்டுவைத்து, தீண்டாமையை மட்டும் ஒழித்தது. வேரை நட்டுவைத்துவிட்டு இலையைக் கிள்ளினால் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இப்படிச் சொன்னதால் ஐரோப்பாவைச் சொர்க்கம் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக்கூடாது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-ல் ஓட்டு வந்தது. பிரான்சில் 1944-ல்தான் வந்தது. கடிகாரத்துக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தில் தேசத் தேர்தலில் பெண்கள் ஓட்டுப்போட 1971 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது! யூதர்களை லட்சம் லட்சமாகக் கொன்றதும் படித்த, சுத்தமான, சங்கீதம் தெரிந்த ஐரோப்பாதான். ரோமா என்ற நாடோடி ஜனங்களை அங்கே இன்றும் பல இடங்களில் இழிவாகவே நடத்துகிறார்கள்.

இந்தச் சேலம் ஜில்லா விஷயமாக ஒன்று சொல்லவேண்டும். அதோ மேற்கே இருக்கிற கஞ்சமலையில் இரும்புக் கல் உண்டு. இந்தப் பக்கத்து ஜனங்கள் கரியையும் துருத்தியையும் வைத்துக்கொண்டு மண் உலையில் இரும்பு உருக்கி வந்தார்கள். கம்பெனி உத்தியோகத்திலிருந்த ஹீத் என்ற வெள்ளைக்காரர் இதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை. வேலையை விட்டார், 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை போட்டார். கரிக்கு மரம் போதாமலும் பணம் போதாமலும் தொழில் நொடித்தது. ஆனால் அவர் சீமைக்குத் திரும்பி, உருக்குச் செய்வதில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு முதலாளிகள் அந்த முறையைக் கையாண்டு லாபமடைந்தார்கள். ஹீத்துக்கு மிஞ்சியது கோர்ட்டு வழக்குத்தான்; 1851-ல் மாண்டார். வெள்ளைக்காரனை வெள்ளைக்காரனும் ஏமாற்றுவான் என்பது இதில் ஒரு சிறு ஆறுதல்.

நாம் கேட்பது என்னவென்றால், அதே கல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் கொண்டிருந்த நம்மவரில் ஒருவனாவது அதைப்பற்றி ஒரு வரி எழுதினானா? ஏன் எழுதவில்லை? இரும்பை உருக்கத் தெரிந்தவனுக்கு எழுத்துக் கூடாது என்று வைத்தார்கள். எழுத்துத் தெரிந்தவனுக்கு இரும்பைத் தொட்டால் தீட்டு என்று வைத்தார்கள். கை ஒரு ஜாதி, மூளை ஒரு ஜாதி. பிறகு விஞ்ஞானம் எங்கிருந்து பிறக்கும்? இதை நாஸ்திகர்களாகிய நாம்தான் சொல்லுகிறோம் என்று நினைக்கவேண்டாம். வங்காளத்து ரசாயன சாஸ்திரி பி.சி. ரே, இந்துக்களின் ரசாயன சரித்திரத்தை எழுதியபோது இதையேதான் காரணமாகச் சொன்னார். வெள்ளைக்கார ஆட்சி நம் தொழில்களைக் கெடுத்தது உண்மை. 1876 முதல் 1878 வரை இந்த ஜில்லா ஜனங்கள் பஞ்சத்தில் செத்து விழுந்தபோதும் கப்பலில் தானியம் ஏறிற்று என்பதும் உண்மை. ஆனால் கையையும் மூளையையும் பிரித்தது வெள்ளைக்காரன் வருவதற்கு மிகவும் முந்தின வேலை.

இங்கிலாந்தில் 1880-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் படிப்பு வந்தது. நம் தேசத்தில் 1911-ல் கோகலே அதற்கு ஒரு மசோதா கொண்டுவந்தார், தோற்கடித்தார்கள். கட்டாய இலவசக் கல்விச் சட்டம் இந்தியாவில் அமுலுக்கு வந்தது 2010-ல். 130 வருஷ வித்தியாசம். இதற்குமேல் தட்பவெப்பத்தைக் காரணம் சொல்லுபவர்களுக்கு நாம் என்ன சொல்லுவது?

இப்போது நம் பிள்ளைகள் ஜெர்மனிக்கும் லண்டனுக்கும் படிக்கவும் வேலைக்கும் போகிறார்கள். சந்தோஷம். திரும்பி வந்தால் எல்லோரும் சொல்லுவது ஒன்றே: "ரோடு சுத்தம், பஸ் நேரத்துக்கு வருகிறது." அங்கேயும் சாக்கடை அடைக்கிறது, தோழர்களே! அதை எடுக்கிறவன் யார் என்று பார்த்தார்களா? அவனும் மனிதன்தான், ஆனால் இயந்திரமும் உறையும் வைத்திருக்கிறான். அவன் அப்பன் அந்த வேலை செய்தான் என்பதற்காக அவன் செய்யவில்லை. அவன் மகன் செய்யவேண்டுமென்று ஊர் எதிர்பார்க்கவும் இல்லை. இங்கே 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் ஒரு சட்டம். அதன் பிறகும் குழியில் இறங்கி விஷவாயுவில் சாகிறான். சாகிறவனுடைய ஜாதியைக் கேட்காமலே சொல்லிவிடலாம். ரோடு சுத்தத்தைப் பார்த்து வந்த பிள்ளை, இதைப் பார்த்து வரவில்லை. ஏனென்றால் அவன் அங்கிருந்தபடியே செல்போனில் தன் ஜாதியில், தன் உட்பிரிவில் பெண் தேடிக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று பயந்தார்கள். இந்தக் காலத்தில் ஜாதியையும் பெட்டியில் வைத்து, விமானத்தில் இருபது கிலோ கணக்கில் சேர்த்துக் கொண்டு போகிறார்கள். சுங்க அதிகாரி அதைத் தடுப்பதில்லை.

நம் ஊரிலிருந்து இனிப் போகும் பிள்ளைகளுக்கு நாம் ஒன்று சொல்லிக்கொள்ளுகிறோம். போன ஊரில் எதை வேண்டுமானாலும் பாருங்கள். அங்குள்ள உங்கள் வீட்டுக் குப்பையை எடுக்கிறவனை ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டு, அதை நமக்கு எழுதுங்கள். பிறகு அதே கேள்வியை இங்கே வந்தும் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது. சேலத்துக்குப் போகவேண்டிய தோழர்கள் பஸ்ஸுக்கு எழுந்திருக்கிறார்கள். நாம் சொன்னதில் ஆட்சேபணை உள்ளவர்கள், முக்கியமாகத் தலக்கதையைப்பற்றி வருத்தப்பட்டவர்கள், தாராளமாக மேடைக்கு வந்து கேட்கலாம். தெரிந்தவரையில் பதில் சொல்லுகிறோம்.