நடுவே 5 மில்லிமீட்டர்



காருக்குப் புதிதாக அலாய் வீல் போட்டவர்கள் பலர் சில நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டயர் ரொம்ப உள்ளே போய் நிற்கிறதே, ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளலாமா? அதை வீட்டிலேயே போடலாமா?" போடலாம். ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவருக்கு எட்டாத வேலை இல்லை. ஆனால் சக்கரம் எதனால் வண்டியோடு ஒட்டி நிற்கிறது என்று புரிந்துகொண்டு செய்ய வேண்டும். அந்தப் புரிதல் இல்லாமல் செய்தால் ஆபத்து செய்தவருக்கு மட்டும் இல்லை, எதிரே வருகிறவருக்கும் சேர்த்துத்தான்.

பேச்சு வசதிக்காக ஃபோக்ஸ்வாகன் போலோவை எடுத்துக்கொள்கிறேன். 2022-இல் இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் இருக்கிற வண்டியை ஆசையாக இழைத்து வைத்துக்கொள்கிறவர்கள் அதில் அதிகம். அதன் சக்கரத்தில் 5 போல்ட். அந்த ஐந்தும் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் உட்காருகின்றன. நடு ஓட்டை 57.1 மில்லிமீட்டர். ஸ்பேசர் வாங்கும்போது இந்த மூன்று கணக்கும் பிசகாமல் பொருந்த வேண்டும். "கொஞ்சம் தேய்த்தால் உட்கார்ந்துவிடும்" என்று கடையில் யாராவது சொன்னால், அந்தப் பொருளை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஸ்பேசர் என்பது ஓர் அலுமினியத் தட்டு. சக்கரம் மாட்டப்படும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே அது உட்காரும். 3, 5 மில்லிமீட்டர் கனத்தில் வருவது வெறுமனே செருகி வைக்கிற வகை. பழைய போல்ட்டைக் கழற்றிவிட்டு நீளமான போல்ட் போட வேண்டும். 20, 25 மில்லிமீட்டர் கனத்தில் வருவது வேறு வகை. அதைத் தனி போல்ட்டால் ஹப்பில் இறுக்கி, அதன் மேல் சக்கரத்தை மாட்டுவார்கள். நான் இன்று பேசுவது 5 மில்லிமீட்டர் தட்டைப் பற்றி. வீட்டில் செய்கிறவர் அதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காரின் எடையை அந்த ஐந்து போல்ட்டும்தான் தாங்குகின்றன என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் போல்ட்டின் வேலை சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிப்பது. இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் இரண்டு உலோக முகங்களையும் ஒன்றோடு ஒன்று நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் பிறக்கும் உராய்வுதான் பிரேக் போடும்போதும், வளைவில் திரும்பும்போதும், பள்ளத்தில் விழுந்து எழும்போதும் சக்கரத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது. போலோவுக்குச் சொல்லப்பட்ட முறுக்கு 120 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் சுமார் 12 கிலோ தொங்கினால் வருகிற முறுக்கு அது. அந்த முறுக்கில் 14 மில்லிமீட்டர் போல்ட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 டன் விசையோடு அழுத்துகிறது. ஐந்தும் சேர்ந்தால் 20 டன்!

ஸ்பேசர் வைத்ததும் என்ன ஆகிறது? இரண்டு முகம் ஒட்டி நின்ற இடத்தில் இப்போது நான்கு முகம். எந்த இரண்டுக்கு நடுவிலும் துரு, பெயின்ட், மண் என்று எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் இறுக்கும்போது கெட்டியாகத்தான் தெரியும். வண்டி ஓட ஓட அந்தத் துகள் நசுங்கும், நீண்டிருந்த போல்ட் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும், அழுத்தம் போய்விடும். சக்கரம் கழன்று ஓடிய கதைகளில் பல இப்படித்தான் தொடங்கியிருக்கும். அதனால் இந்த வேலையில் பாதி நேரம் சுத்தம் செய்வதற்கே போக வேண்டும். கம்பி பிரஷ் போட்டு ஹப்பின் முகத்தைத் தேய்த்து, மீதித் துருவை எமரித் தாளால் எடுத்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். சக்கரத்தின் உள்முகத்தையும் அப்படியே. அந்த முகங்களில் கிரீஸ் தடவாதீர்கள். போல்ட் மரையிலும் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்ட மரை வழுக்கிக்கொண்டு போகும். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் தெரிவது அதே 120-தான், போல்ட்டோ தாங்க வேண்டியதற்கு மேல் நீண்டிருக்கும்.

ஹப்பின் நடுவில் ஒரு வளையம் எழும்பி நிற்கும். சக்கரத்தை நடுமையத்தில் நிறுத்துவது அதுதான். மெல்லிய ஸ்பேசர் அந்த வளையத்தின் உயரத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். தட்டை வைத்த பிறகும் சக்கரம் உட்கார வளையம் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சக்கரம் அரை மில்லிமீட்டர் ஒதுங்கி உட்காரலாம். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கையில் நடுங்கும்.

போல்ட்டில் இன்னொரு நுணுக்கம். போலோவின் சொந்த போல்ட்டுக்குத் தலைக்குக் கீழே உருண்டையான அடி. வெளியில் வாங்கும் அலாய் வீல் பலவற்றுக்குக் கூம்பு வடிவ அடி வேண்டும். மாற்றிப் போட்டால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். நீளமும் அப்படித்தான். தட்டு 5 மில்லிமீட்டர் என்றால் போல்ட்டும் அதே அளவு நீளம் கூட வேண்டும். மரை ஹப்புக்குள் குறைந்தது 14 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்பது சுற்று, பிடித்திருக்க வேண்டும். அதற்காக நீளத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக். நீளம் மிஞ்சிய போல்ட் உள்ளே போய் பிரேக் பாகங்களை இடிக்கும்.

மாட்டுகிற முறை இது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே போல்ட்டை லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாண்டும் கொடுங்கள். தட்டு ஆடாமல் தட்டையாக உட்கார்ந்த பிறகு சக்கரத்தை ஏற்றி, ஐந்து போல்ட்டையும் முதலில் விரலால் முடுக்குங்கள். பிறகு ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுகிற வரிசையில். டயர் தரையைத் தொட்டதும் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கு. வீல் ஸ்பேனர் மேல் ஏறி மிதிப்பது இறுக்குவது ஆகாது. ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள்; ஒரே அச்சின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கனம். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, பின்சீட்டில் ஆட்களை உட்கார வைத்து, டயர் எங்கேயும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் ஸ்பேசருக்கு ஒரு விலை உண்டு. தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் வீல் பேரிங்குக்கு. தட்டு கனக்கக் கனக்க அதன் ஆயுள் குறையும், ஸ்டியரிங் சாலையின் மேடுபள்ளத்துக்கு இழுபடும். வாஷர் அடுக்குவது, இரண்டு தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது, லேத் பட்டறையில் இரும்புத் தகட்டைக் கடைந்து போடுவது, இது எதையும் செய்யவே செய்யாதீர்கள். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். புது அலாய் வீலின் ஆஃப்செட் 45, வண்டிக்கு வேண்டியது 40 என்றால் 5 மில்லிமீட்டர் தட்டு அதைச் சரிக்கட்டும். ஆனால் சரியான ஆஃப்செட் உள்ள சக்கரத்தையே வாங்கிவிட்டால் தட்டுக்கே வேலை இல்லை.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது.  போடுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டு முடித்து 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சக்கரம் ஆறியிருக்கும்போது, மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். அடுத்து, கழற்றிய பழைய போல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வழியில் பஞ்சர் ஆகி ஸ்டெப்னியை மாட்டும்போது ஸ்பேசரைக் கழற்றிவிட்டு அந்தப் பழைய போல்ட்டைத்தான் போட வேண்டும். தட்டு இல்லாத இடத்தில் நீள போல்ட்டைப் போட்டால் 5 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போகும். வீட்டில் அந்தக் காரை ஓட்டுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.