பழைய உழவு இயந்திரமும் அதன் விளக்குகளும்



பெரும்போக அறுவடைக் காலத்தில், நெல்லை மழைக்கு முன் வீடு சேர்க்கும் அவசரத்தால், பொழுதுபட்ட பின்னும் உழவு இயந்திரங்கள் வீதியில் ஓடுகின்றன. பின்விளக்கு எரியாத பெட்டியைப் பின்னால் வருபவர் மிக அண்மித்த பின்னரே காண்பார். ஆதலால் விளக்கை உயிர்க்காவலாகவே நாம் கொள்ளல் வேண்டும்.

1960களில் வெளிவந்த மசி பேர்குசன் 135 போன்ற பழைய இயந்திரங்களின் மின்னமைப்பு எளியது. எனினும் பழுது நேர்ந்தவுடன் பலர் புதிய பற்றரி வாங்குகின்றனர். சில நாட்களில் அதே குறை மீண்டும் தோன்றுகின்றது. பெரும்பாலும் குறை இருப்பது தொடுப்புகளிலேயே. ஆகவே, பணம் செலவிடுமுன் பின்வரும் ஒழுங்கிற் சோதியுங்கள்.

1. பற்றரியும் அதன் முனைகளும்

முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டாட்டரை இயக்கிப் பாருங்கள். விளக்கு மெல்ல மங்கினால் பற்றரியில் மின் குறைவு. முற்றாக அணைந்தால் முனைத் தொடுப்பு தளர்ந்தோ பூத்தோ இருக்கின்றது. சற்றும் மங்காது எரிய, ஸ்டாட்டர் சுழலாதிருந்தால் குறை ஸ்டாட்டரிலோ அதன் சுவிச்சிலோ உள்ளது.

முனைகளைக் கழற்றும்போது இயந்திர உடலோடு பிணைத்த கம்பியை முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்டுங்கள். வெண்பூப்பை அப்பச்சோடா கரைத்த சுடுநீராற் கழுவுங்கள். அந்நீர் பற்றரியின் அறைகளுட் புகலாகாது. உலர்ந்தபின் இறுகப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். பற்றரியிலிருந்து எழும் வாயு தீப்பற்றக்கூடியது. அருகில் நெருப்புக் குச்சி கிழித்தல் ஆகாது.

2. உடற் தொடுப்பு

விளக்குக்குச் செல்லும் மின், இயந்திரத்தின் இரும்புடல் வழியாகவே பற்றரிக்குத் திரும்புகின்றது. துருவும் வர்ணமும் அவ்வழியை மறிக்கும். மங்கி எரியும் விளக்கின் உலோகக் கூட்டுக்கும், பற்றரியில் உடலோடு பிணைந்த முனைக்கும் இடையே ஒரு கம்பியைப் பிடித்துப் பாருங்கள். விளக்கு பிரகாசித்தால் குறை இதுவே. தொடுப்பிடத்தை இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி மீண்டும் பூட்டுங்கள்.

பெட்டியின் பின்விளக்கில் இக்குறை மிக அதிகம். கொழுவும் ஆணியிற் கிறீசும் துருவும் படிவதால் மின் திரும்ப இயலாது; பள்ளத்தில் விழுந்தெழும்போது விளக்கு விட்டுவிட்டு எரியும். பெட்டியிலிருந்து இயந்திரத்துக்குத் தனியாக ஒரு திரும்பு கம்பி இழுத்தல் நிலையான பரிகாரமாகும்.

3. கம்பிகளும் பியூசும்

மனையில் நிறுத்திய இயந்திரத்தில் எலி கம்பியைக் கடிப்பதுண்டு. உறை உரிந்த கம்பி இரும்பிற் பட்டால் பியூஸ் எரியும். காரணத்தைத் தேடாமல் தடித்த செப்புக் கம்பியையோ சிகரெட் தாளையோ அங்கு வைப்பது, இயந்திரத்துக்கு நாமே தீ வைப்பதற்கு ஒப்பாகும். 12 வோல்ற்று இயந்திரத்தில், லொறிக்குரிய 24 வோல்ற்றுக் குமிழைப் பூட்டினால் அது மங்கியே எரியும் என்பதையும் மறவாதீர்கள்.

4. மின்னேற்றம்

இயந்திரம் வேகமாக ஓடும்போது பற்றரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ற்று இருத்தல் வேண்டும். நிறுத்திய நிலையில் இருந்த அளவிலேயே நின்றால் மின்னேற்றம் இல்லை. முதலில் பெல்ட்டைப் பாருங்கள், தளர்ந்திருப்பின் இறுக்குங்கள். டைனமோ பூட்டிய இயந்திரம் மெதுவாக ஓடுகையில் போதிய மின் தராது. ஆதலால் அந்நிலையில் எல்லா விளக்குகளையும் நெடுநேரம் எரிய விடலாகாது. ஒல்டனேற்றர் பூட்டியிருப்பின், ஓடும்போது பற்றரிக் கம்பியைக் கழற்றவே கூடாது. அதன் உட்பாகம் எரிந்துவிடும்.

பழைய இயந்திரங்கள் சிலவற்றில் நேர்முனை உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். புதுப் பற்றரி பூட்டுமுன் எம்முனை பிணைந்துள்ளது என்பதை நோக்கிக்கொள்ளுங்கள்.

கமக்காரர்களே, இச்சோதனைகளுக்கு வேண்டியவை ஒரு துண்டுக் கம்பி, ஒரு சாவி, உப்புத்தாள், ஒரு சிறு மின்மானி மட்டுமே. அறுவடை தொடங்குமுன் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். இருள் சூழ்ந்தபின் பெட்டியின் பின்னே ஐம்பது பாகம் நடந்து சென்று திரும்பிப் பாருங்கள். சிவப்பு விளக்குகள் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் நெல்லை ஏற்றுங்கள்.