சாவி கொடுத்தவரும் பொறுப்பாளி



விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் பால் கேனும் புல்லுக்கட்டும் சுமந்து போகிற எக்ஸ்.எல். வண்டிகளை நிறையப் பார்க்கலாம். சில வீடுகளில் அதை ஓட்டுவது பள்ளிக்கூடத்துப் பையன். கேட்டால், "சின்ன வண்டிதானே, இதுக்கு எதுக்குங்க லைசென்ஸு?" என்பார்கள். அப்படி இல்லை. 16 வயதில் உரிமம் கிடைப்பது, கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. எக்ஸ்.எல். 100 ஏறக்குறைய 100 சி.சி. வண்டி. அதை ஓட்ட 18 வயது நிறைய வேண்டும், உரிமமும் வேண்டும்.

உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. முன்பு 500 ரூபாயாக இருந்த அபராதம் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வண்டியைக் கொடுத்தவருக்கும் தனியாக அதே தண்டனை உண்டு.

ஓட்டியது 18 வயது ஆகாத பிள்ளை என்றால் சட்டம் இன்னும் கடுமை. அதே சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆர்.சி. ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டிரைவர் வேலையோ டெலிவரி வேலையோ பார்த்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயது முழுக்க அதிலேயே போய்விடும்.

எனக்குப் பெரிய கவலை இன்ஷூரன்ஸ் பற்றித்தான். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஒருவர் மீது வண்டி மோதிவிட்டது என்று வையுங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருப்போம். ஆனால் உரிமம் இல்லாதவர் என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்தது நிரூபணமானால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அதே தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கும்படி கம்பெனிக்கு உத்தரவாகலாம். ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. உயிரிழப்பு என்றால் இழப்பீடு பல லட்சம் போகும். நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் இன்றே தேதியைப் பாருங்கள். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் செல்லுபடியாகும். 2019 திருத்தத்தில் அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக்காட்ட வேண்டும்.

பிள்ளைக்கு 18 ஆனதும் விழுப்புரம் அல்லது திண்டிவனம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழகுநர் உரிமத்துக்கு (எல்.எல்.ஆர்.) விண்ணப்பியுங்கள். அதுவரை, எவ்வளவு அவசரமானாலும் சாவியை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.