இராமானுஜன் தந்த பெரிய எண்

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

இன்று நாம் ஓர் எண்ணைப் பற்றிப் பேச விழைகின்றோம். 67,46,32,83,88,800 என்பது அவ்வெண். வாயாற் சொன்னால் ஆறு இலட்சத்து எழுபத்துநாலாயிரத்துச் சொச்சம் கோடி! இதனைத் தந்தவர் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன்.

எண்ணின் பெருமை அதன் நீளத்தில் இல்லை. பங்கிடப்படும் இயல்பில் இருக்கின்றது. எத்தாளைக் கரையில் கரைவலை இழுத்தபின் பங்கு பிரிப்பதை நாம் எல்லோரும் அறிவோம். பதின்மூன்று மீன்களைப் பதின்மூவர்க்கன்றி வேறெவ்வாறும் மீதியின்றிப் பிரிக்க இயலாது. பன்னிரண்டையோ 2, 3, 4, 6, 12 பேருக்கு ஒப்பப் பிரிக்கலாம். ஒன்றையும் சேர்த்தால் பன்னிரண்டின் காரணிகள் ஆறு. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்குக் கீழுள்ள எண்களையெல்லாம் காரணித் தொகையில் வெல்லும் எண்ணை உயர் பகு எண் என்பர். நாளின் 24 மணியும், மணியின் 60 நிமிடமும், வட்டத்தின் 360 பாகையும் அவ்வகையினவே.

இவ்வெண்களை ஆராய்ந்து 1915இல் இராமானுஜன் நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவர் அமைத்த அட்டவணையின் இறுதியில் நிற்பதே நாம் முதலிற் சொன்ன எண். 2 ஐ ஆறு முறையும், 3 ஐ நான்கு முறையும், 5 ஐயும் 7 ஐயும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 என்பவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கினால் அது வரும். சிறிய முதன்மை எண் மிகுதியாகவும் பெரியது குறைவாகவும் வருவதேன்? 2 ஐ நான்கு முறையும் 3 ஐ ஆறு முறையும் மாற்றிவைத்தால் காரணித் தொகை மாறாது. எண் மாத்திரம் வீணே பெருத்துவிடும். ஒவ்வொரு முறைத்தொகையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. காரணிகள் 10,080! அந்த 10,080 உம் ஓர் உயர் பகு எண்ணே.

ஆயினும் அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. அது 2,93,31,86,25,600. எம் பெரிய எண்ணை 23 ஆல் வகுத்தால் அதுவே விடை. அதன் காரணிகள் 5,040. பின்வந்தோர் சரிபார்த்து அதனைச் சுட்டினர். அதனால் இராமானுஜன் புகழ் அணுவளவும் குன்றவில்லை. கணிதம் நிறைவு பெற்றது. ஆகவே, இளைஞர்களே, பெரியவர் சொன்னார் என்பதோடு நில்லாது, தாளும் பென்சிலும் எடுத்து நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். கல்லூரிப் பரீட்சையிற் சித்தியடையாத இராமானுஜன், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். இந்த உயர் பகு எண் ஆராய்ச்சிக்கே 1916இல் கேம்பிறிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. 1920இல், முப்பத்திரண்டாம் வயதில், அவர் மறைந்தார். பரீட்சையில் தவறிய பிள்ளை எம் ஊரிலும் இருப்பான். அவனை உடனே தோணிக்கு அனுப்பிவிடாதீர்கள்; அவன் கொப்பியை ஒருமுறை திறந்து பாருங்கள்.